நம் ஊருக்குப் புதிதாக வந்த பூச்சியைப் பார்த்தால் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டால் போதாதா?

போதாது. நானும் போதும் என்றுதான் இருந்தேன், ஒரு மக்காச்சோளப் புழுவில் சொதப்பும் வரை.

குருத்துக்குள் புழு, சுற்றிலும் ஈர மரத்தூள் மாதிரி எச்சம். வெளிநாட்டிலிருந்து வந்து மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுதான் என்று தோன்றியது. தலையைக் குறிவைத்து ஐந்தாறு படம் எடுத்தேன்; தலைகீழ் ‘ஒய்’ குறி பளிச்சென்று விழுந்திருந்தது. எடுத்து முடித்ததும் புழுவை நசுக்கிப் போட்டுவிட்டேன். படத்தைப் பார்த்த பூச்சியியல்காரர் ஒன்றுதான் கேட்டார்: “வால் பக்கம் எங்கே?” அந்த ‘ஒய்’ வேறு சில புழுக்களிலும் தெரியுமாம். வாலுக்குச் சற்று முன்னால், வயிற்றின் எட்டாவது கண்டத்தில் (உடல் வளையத்தில்), சதுரத்தின் நாலு மூலை மாதிரி நாலு கரும்புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னிடம் அந்தப் படமும் இல்லை, புழுவும் இல்லை.

இப்போதெல்லாம் நிறம் மங்குவதற்குள் மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம், பக்கத்தில் ஒரு ஸ்கேல். அப்புறம் புழுவைச் சுடுநீரில் முக்கி எடுத்து 70 சதவீத ஆல்கஹாலில் போடுவேன். நேராகப் போட்டால் கறுத்துவிடும். தேதி, இடம், எந்தச் செடி, எந்தப் பாகம் என்பதைப் பென்சிலால் சீட்டில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். பேனா மை கரைந்து போகும். உயிரோடு மட்டும் எடுத்துப் போகாதீர்கள், பரப்பிவிட்ட புண்ணியம் நமக்கு வந்து சேரும்.

பலரும் விட்டுவிடுவது ‘தேடினேன், இல்லை’ என்ற பதிவை. அமெரிக்காவின் மிச்சிகனில் ஆஷ் மரங்களைக் கொன்ற மரகதப் பச்சை வண்டை அடையாளம் கண்டது 2002-ல். செத்த மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது, 1990களிலேயே அது குடியேறியிருந்தது தெரிந்தது. கண்ட நாள் வேறு, வந்த நாள் வேறு. போன மாதம் இல்லை, இந்த மாதம் இருக்கிறது என்று எழுதிவைத்திருந்தால்தான் வந்த நாளை நெருங்க முடியும்.

உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுவது நல்லதுதான். ஆனால் நாட்டுக்கே புதிது என்று சந்தேகம் வந்தால் முதலில் அரசின் தாவரப் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள். தவறான ஒரு செய்தியால் விளைபொருள் ஏற்றுமதியே நின்றுபோகலாம்.

என் நோட்டில் பாதிக்கு மேல் “20 செடி, குருத்தைப் பிரித்துப் பார்த்தது, 0” என்கிற மாதிரி வரிகள்தான். எத்தனை செடி பார்த்தீர்கள் என்பதை மட்டும் எழுதாமல் விடாதீர்கள். ஒரு செடியைப் பார்த்து வந்த பூஜ்ஜியத்தை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது.