எனக்கு எப்பவும் பிடித்த கேம்கள்: கேளுங்கோ, சொல்கிறேன்

எனக்கு எப்பவும் பிடித்த வீடியோ கேம்கள் எவை என்று கனபேர் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள், அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதுகிறேன். இந்த வருசம் வந்தவற்றில் எது திறம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவேண்டும், இது பல வருசமாக மனதில் நிற்கிற கேம்களைப் பற்றியது.

கோண்டாவிலில் இருந்து: அண்ணா, ஒன்றே ஒன்று என்றால் எது? சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ.

திஸ் வோர் ஒஃப் மைன். போலந்தில் உள்ள 11 பிட் ஸ்ரூடியோஸ் 2014இல் வெளியிட்டது. யுத்தக் கேம் என்றால் கையில் துவக்கோடு ஓடுகிற சிப்பாயாகத்தான் எங்களை விடுவார்கள், இதில் நீங்கள் முற்றுகைக்குள் அகப்பட்ட சாதாரண சனம். பகலில் இடிந்த வீட்டுக்குள் அடுப்பு, படுக்கை, தண்ணீர் வடிகட்டி என்று இருக்கிறதை வைத்துச் செய்யவேண்டும். இரவானதும் ஒராளை வெளியே அனுப்பிச் சாப்பாடும் மருந்தும் தேடவேண்டும். தேடப் போகும் இடங்களில் ஒன்று ஒரு வயதான கணவனும் மனைவியும் இருக்கிற வீடு. அவர்களால் உங்களைத் தடுக்க ஏலாது, எடுத்தால் உங்கள் ஆட்கள் இன்னும் கொஞ்ச நாள் தாங்குவார்கள். ஆனால் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர் மனம் உடைந்துபோவார், வீட்டில் மற்றவர்களும் அதைப் பற்றிக் கதைப்பார்கள். உங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் அவர் திரும்பி வரமாட்டார். என்னை ஒரு முடிவு எடுக்கவைத்து, அதன் விளைவை என் தலையிலேயே விட்டுவிடுகிற கேம்தான் எனக்குப் பிடிக்கும். கீழே நான் சொல்லப்போகிற மற்றவையும் அநேகமாக அந்தச் சாதிதான்.

சாவகச்சேரியில் இருந்து: அதை எங்கட ஆக்கள் விளையாடலாமா? அம்மாவுக்கு யுத்தத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட 95 இடப்பெயர்வு ஞாபகம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கு.

தங்கச்சி, பயம் நியாயமானது. அந்தக் கேம் 1992இல் தொடங்கிய சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தது, ஆனால் எங்கட வீடுகளில் சொல்லப்படுகிற கதைகளுக்கு மிகக் கிட்ட வரும். அதில் ரேடியோ ஒன்று செய்யலாம், அதைத் திருப்பித் திருப்பி நாளைய காலநிலையும் சாமான் விலையும் கேட்டு, இன்றிரவு போவதா விடுவதா என்று யோசிப்பீர்கள். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஊர் இது, ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் இன்றைக்குத் தாய் தகப்பன். அவர்களுக்கு அது கேமாகத் தெரியாது. அதனால் அம்மா இருக்கும் அறையில் திடீரென்று போடவேண்டாம். ஹெட்போனோடு தனிய விளையாடிப் பாருங்கோ, அம்மா தானாகக் கேட்டால் மட்டும் காட்டுங்கோ. சொல்ல விருப்பம் இருந்தால் அவவே சொல்லுவா.

மானிப்பாயில் இருந்து: பழைய கேம் ஏதாவது? ஐஜிஐ உங்கட பட்டியலில் இருக்கா?

இல்லாமல்! 2000இல் வந்த புரொஜெக்ட் ஐஜிஐ, தனி ஆளாக எதிரி முகாம்களுக்குள் நுழைகிற துவக்குக் கேம். ஒரு மிசனின் நடுவில் சேவ் பண்ண வழியே இல்லை, அரை மணித்தியாலம் ஊர்ந்து ஊர்ந்து போய் கடைசி வாசலில் ஒரு கமராவில் பட்டு அலாரம் அடித்தால் முதலில் இருந்துதான். இப்போது கனபேர் அதைக் குறை என்கிறார்கள், எனக்கு அதுதான் அந்தக் கேமின் உயிர். செய்மதிப் படத்தைத் திறந்து காவல் எங்கே நிற்கிறது என்று பார்த்து, போகிற வழியையும் திரும்பி வருகிற வழியையும் முதலே மனதில் போட்டுக்கொள்ள அது பழக்கியது.

நெல்லியடியில் இருந்து: ஏஜ் ஒஃப் எம்பயர்ஸில் தமிழர் இருக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான் தம்பி. அது ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை பிடிக்கிற கேம். இரண்டாம் பாகம் 1999இல் வந்தது, அதன் புதுப்பித்த பதிப்பான டெஃபினிற்றிவ் எடிசனுக்கு 2022இல் வந்த இந்தியத் தொகுப்பில் திராவிடர் என்று ஒரு நாகரிகம், அதாவது நாங்கள் தெரிந்து விளையாடுகிற ஒரு தரப்பு, சேர்ந்தது. ஆட்கள் தமிழில் கதைப்பார்கள், ராஜேந்திர சோழனுக்குத் தனியாக ஒரு கதைத்தொடர் இருக்கிறது, திரிசடை என்று ஒரு கப்பல், உருமி என்ற வளைகிற வாளைச் சுழற்றுகிற வீரர்கள். எனக்கு அதிலும் மேலாகப் பிடித்தது சமநிலைப்படுத்திய விதம். நைற் என்ற கவசக் குதிரைப்படை கிடையாது, மீன்பிடியிலும் கடற்படையிலும் காலாட்படையிலும் பலம். தென்னாட்டுக்கு நல்ல குதிரைகள் கடல் கடந்துதான் வந்தன என்ற சரித்திரத்தோடு அது நன்றாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 விறகு சும்மா கிடைக்கும், அதை உடனே துறைமுகத்தில் போடுங்கோ. தரை மட்டும் உள்ள வரைபடத்தில் கொஞ்சம் கஷ்டம்தான்.

சுன்னாகத்தில் இருந்து: அண்ணை, ஷடோ ஒஃப் த கொலோசஸ் ஏன் எல்லாரும் புகழுகிறார்கள்? பெரிய வெறுமையான நிலம், ஒண்டும் இல்லையே.

அந்த வெறுமை வேண்டுமென்றே விட்டது. 2005இல் ஃபுமித்தோ உவேதா இயக்கியது, கேம் முழுக்க கொலோசஸ் என்ற மலை மாதிரியான 16 எதிரிகள்தான், இடையில் சின்ன எதிரி ஒன்றுகூட இல்லை. நீங்களும் குதிரையும் மட்டும். பதின்மூன்றாவது பாலைவனத்துக்கு மேலே பறக்கிற ஒன்று. அது உங்களைத் தாக்கவே தாக்காது, நீங்கள்தான் போய் அம்பு விட்டு இறக்கி, மேலே ஏறிக் குத்தவேண்டும். விழுத்தியபிறகு சந்தோசம் வராது. முடிவை நான் சொல்லமாட்டேன், அதுவரைக்கும் போகாமல் விடவேண்டாம் என்று மட்டும் கேட்கிறேன்.

திருநெல்வேலியில் இருந்து ஒரு அம்மா: மகன் ஜிரிஏ சான் அன்றியாஸ் விளையாடுகிறான், வயது பன்னிரண்டு. பரவாயில்லையா?

இல்லை அக்கா. 2004இல் வந்த அருமையான கேம், எனக்கும் பிடிக்கும், ஆனால் அது வளர்ந்தவர்களுக்கு என்றே செய்தது. பெட்டியிலேயே வயது போட்டிருக்கும். ஸ்ராடியூ வலி எடுத்துக் கொடுங்கோ, ஒரே ஒருவர் தனியாக உருவாக்கி 2016இல் விட்ட தோட்டக் கேம். சேர்ந்தும் விளையாடலாம்.

கொக்குவிலில் இருந்து: என்னிடம் பழைய லப்டொப்தான். உங்கட ரசனையில் ஏதாவது ஓடுமா?

எஃப்ரிஎல் (ஃபாஸ்ரர் தான் லைற்), 2012. ஒரு விண்கப்பல், சில மாலுமிகள், பின்னால் துரத்துகிற கடற்படை மாதிரி ஒரு படை. கப்பல் வெடித்தால் அந்த ஆட்டம் முடிந்தது, புதிதாகத் தொடங்கவேண்டும். ஒரு அறையில் தீ பிடித்தால் கதவைத் திறந்து காற்றை வெளியே விட்டு அணைக்கலாம், ஆனால் உள்ளே உங்கள் ஆள் நிற்கிறாரா என்று முதலில் பாருங்கோ. உங்கட மிசினில் நன்றாக ஓடும், முதல் சில தடவை தோற்பீர்கள், ஈசி மோட்டில் தொடங்குங்கோ.