லிஃப்ட் போட்ட பிறகு ஸ்டீயரிங் லேசாகி வண்டி அலைகிறது: டேம்பர் மாற்றினால் சரியாகுமா?

கேள்வி இதுதான்: ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு முன்னும் பின்னும் 2 இன்ச் லிஃப்ட் (சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்துவது), ஒரு சைஸ் பெரிய டயர். ஊருக்குள் ஓட்டும்போது குறை தெரியவில்லை. வேகம் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் இருக்கிறது, நேர் சாலையிலும் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. ஸ்டீயரிங் டேம்பரை மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். டேம்பரின் வேலை குலுக்கலை உறிஞ்சுவது மட்டும்தான். சக்கரத்தை நேராகக் கொண்டுவரும் விசை அதில் கிடையாது. புது டேம்பர் போட்டால் ஸ்டீயரிங் கொஞ்சம் கனத்த மாதிரி இருக்கும், நோய் அப்படியே உள்ளே இருக்கும்.

முதலில் டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டு, ஆளில்லாத திறந்த இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் அரைச் சுற்று திருப்பிக் கையைத் தளர்த்திப் பாருங்கள். ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராமல் மந்தமாக நின்றால் கேஸ்டர் (சக்கரத்தை நேராகக் கொண்டுவரும் சாய்வு) குறைந்திருக்கிறது, அல்லது எங்கோ இறுக்கம் இருக்கிறது. நன்றாகத் திரும்பி வருகிறது, ஆனால் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு அசைத்தாலும் சக்கரம் அசையவில்லை என்றால் அது ஆட்டம். இரண்டும் இல்லை, சாலையில் உள்ள பள்ளக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓடுகிறது என்றால் டோ (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), டயர், வீல் ஆஃப்செட் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் அளவு) பக்கம் போங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் வகை என்றே படுகிறது.

கேஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு. சைக்கிள் கையை விட்டாலும் நேராக ஓடுவதற்கு முன் ஃபோர்க்கின் சாய்வும் உதவுகிறது, அதே வேலைதான் இங்கும். ரேடியஸ் ஆர்ம் (ஆக்ஸிலைச் சேஸியோடு பிணைக்கும் நீளக் கை) உள்ள சாலிட் ஆக்ஸில் (இரு முன்சக்கரங்களையும் ஒரே அச்சு தாங்கும் அமைப்பு) வண்டியில் ஆர்மின் பின்முனை சேஸியில் இருக்கிறது. சேஸி உயர்ந்தால் அந்த முனையும் உயரும், ஆக்ஸில் முன்பக்கமாக உருளும், கேஸ்டர் குறையும். கணக்கு எளிது: ஆர்ம் நீளம் 950 மி.மீ., லிஃப்ட் 50 மி.மீ. என்றால் இழப்பு ஏறக்குறைய 3 டிகிரி. கம்பெனியே 3, 4 டிகிரிதான் கொடுத்திருக்கும் என்றால் மிச்சம் என்ன இருக்கும்? பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட அதிகம் தூக்கியிருந்தால் இன்னும் மோசம். 2,850 மி.மீ. வீல்பேஸில் 50 மி.மீ. உயர வித்தியாசம் மேலும் 1 டிகிரியைத் தின்றுவிடும்.

அதனால் வீல் அலைன்மென்ட் செய்யும் இடத்தில், எதையும் தொடுவதற்கு முன் எடுத்த அளவுகளின் பிரிண்ட்டைக் கேட்டு வாங்குங்கள். டோவை மட்டும் சரிசெய்துவிட்டு 'எல்லாம் ஓகே' என்று அனுப்பிவிடுவது சகஜம். கேஸ்டர் எண் அதில் இருந்தே ஆக வேண்டும். சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுதான் இறுதி என்றாலும், பவர் ஸ்டீயரிங் உள்ள சாலிட் ஆக்ஸில் வண்டியில் 2 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் வேறு காரணத்தைத் தேடிப் போக வேண்டாம். இடமும் வலமும் ஒரு டிகிரி வேறுபட்டால் குறைவான பக்கம் வண்டி இழுக்கும். சாலிட் ஆக்ஸிலில் இவ்வளவு வேறுபாடு வந்தால் ஆக்ஸில் முறுக்கியிருக்கிறதா என்றும் சந்தேகப்படுங்கள்.

திருத்த வழி சஸ்பென்ஷனைப் பொறுத்தது. ரேடியஸ் ஆர்ம் என்றால் துளை மையம் விலகிய கேஸ்டர் புஷ் (ஆர்மின் முனையில் பொருத்தும் உருளை), அல்லது சேஸி முனையை இறக்கும் டிராப் பிராக்கெட். மேலும் கீழும் லிங்க் உள்ள வண்டி என்றால் நீளம் மாற்றக்கூடிய லிங்க். லீஃப் ஸ்பிரிங் என்றால் ஆப்பு வடிவ ஷிம் (இடையில் வைக்கும் தகடு). டார்ஷன் பாரை முறுக்கியோ ஸ்பேசர் வைத்தோ தூக்கிய இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனில் பெரும்பாலும் மேல் கன்ட்ரோல் ஆர்மையே மாற்ற வேண்டியிருக்கும். சாலிட் ஆக்ஸிலில் ஒன்றை மறக்காதீர்கள்: கேஸ்டர் கூடினால் பினியன் மூக்கு (புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆக்ஸிலோடு சேரும் இடம்) கீழே இறங்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்டின் கோணம் கூடும். முன் ஷாஃப்ட் எப்போதும் சுழலும் வண்டி என்றால் அதிர்வு கிளம்பலாம். ஆகவே போதுமான அளவுக்குத் திருத்தினால் போதும், பேராசை வேண்டாம்.

கேஸ்டரில் காசு போடுமுன் ஆட்டத்தையும் பார்த்துவிடுங்கள். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும், ஜாக்கி வேண்டாம். பார்க்கிங் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஓடவிடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் சின்னதாக ஆட்டட்டும். இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து டை ராடு (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) எண்ட், பிட்மேன் ஆர்ம் (ஸ்டீயரிங் கியர் பாக்ஸிலிருந்து வரும் கை), டிராக் லிங்க் (பிட்மேன் ஆர்மின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி), பேன்ஹார்ட் ராடின் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இரு முனைகள், ஸ்டீயரிங் கியர் பாக்ஸ் சேஸியில் பிடித்திருக்கும் இடம் எல்லாவற்றையும் பார்க்கட்டும். பேன்ஹார்ட் போல்ட் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருப்பது கண்ணுக்கு எளிதில் சிக்காது. இணைப்பில் விரலை வைத்தால் 'டக்' என்று தட்டும்.

லிஃப்ட் போட்டதும் டிராக் லிங்க் சரிந்து நிற்கும், அதனால் ஸ்டீயரிங் கோணலாகிவிடும். சிலர் ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டிவிடுவார்கள். இது தவறு. ரீசர்குலேட்டிங் பால் வகை (உள்ளே குண்டுகள் உருளும்) ஸ்டீயரிங் கியர் பாக்ஸ் மையத்தில்தான் மிக இறுக்கமாக அமைந்திருக்கும். மையம் விலகி ஓடினால் நேர் சாலையிலேயே ஆட்டம் தெரியும். டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றித்தான் நேராக்க வேண்டும். பாக்ஸின் மேலுள்ள அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவை முறுக்கி ஆட்டத்தைக் குறைக்கும் ஆசையும் வேண்டாம். கொஞ்சம் கூடினாலும் மையத்தில் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங் திரும்பி வராது, கேஸ்டர் குறைந்ததைப் போலவே ஏமாற்றும். டிராக் லிங்க்கும் பேன்ஹார்ட் ராடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்றும் முன்னால் நின்று பாருங்கள். ஒன்றை மட்டும் இறக்கியிருந்தால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வண்டி தானே திரும்பும்.

டோ எப்போதும் கடைசியில். கேஸ்டரும் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) முடிந்த பிறகு மொத்தம் 1 முதல் 3 மி.மீ. உள்நோக்கி இருந்தால் பெரும்பாலான சாலிட் ஆக்ஸில் வண்டிக்குப் போதும். வெளிநோக்கிப் போயிருந்தால் கேஸ்டர் சரியாக இருந்தும் அலையும். டிராக் லிங்க் நேராக டை ராடில் சேரும் அமைப்பில் உயரம் மாறினாலே டோவும் மாறிவிடும் என்பதால், லிஃப்ட் போட்ட பின் டோவை அளக்காமல் விடக் கூடாது. ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். ஆக்ஸில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

கேஸ்டர் சரி, ஆட்டமும் இல்லை, இருந்தும் ஸ்டீயரிங் திரும்பி வரவில்லையா? முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டை ராடையும் டிராக் லிங்க்கையும் கழற்றி நக்கிளை (சக்கரத்தோடு திரும்பும் முட்டி) கையால் திருப்புங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி, பிடிப்பு இல்லாமல் திரும்ப வேண்டும். புதிதாகப் பால் ஜாயிண்ட்டோ கிங்பின் பேரிங்கோ மாற்றிய வண்டியில் அளவுக்கு மீறிய இறுக்கம் இங்கேதான் பதுங்கியிருக்கும். அப்போது அந்த ஜாயிண்ட்டின் பிரீலோடை (பொருத்தும்போது கொடுக்கும் இறுக்கம்) சரிசெய்யுங்கள், கேஸ்டரைத் தொடாதீர்கள்.