ஐ7னு சொன்னா போதுமா? முதல் கேமிங் பிசி பத்தி வாசகர் கேள்விகள்

கல்லூரி மாணவர், திண்டுக்கல்: அண்ணா, கேமிங் பிசிக்கு அப்பா 60 ஆயிரம் தர்றேன்னு சொல்லிருக்காரு. மானிட்டர் மாமா வீட்ல சும்மா கெடக்கு, 1080பி தான். இங்க ஒரு கடையில ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் கலரா லைட் எரியுற கேபினட் எல்லாம் சேர்த்து 32 ஆயிரம்தான்னு சொல்றாங்க, கொட்டேஷன் போட்டோ அனுப்பிருக்கேன். வாலரன்ட், ஜிடிஏ 5 ஆடணும், கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும் பண்ணணும். மிச்ச காசுல நல்ல சேர் ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். ஓகேவா?

பதில்: தம்பி, அட்வான்ஸ் குடுக்கலையே? குடுக்காதீங்க. அந்த கொட்டேஷன்ல ஐ7னு பெருசா போட்டு பக்கத்துல சின்னதா 3770னு எழுதியிருக்கு பாருங்க, மதர்போர்டு எச்61, கார்டு ஜிடி 730. அந்த 3770 வந்தது 2012ல. அதாவது நீங்க ஒண்ணாவது ரெண்டாவது படிச்சிட்டு இருந்தப்ப வந்த பிராசஸர். ஐ3, ஐ5, ஐ7ங்கறது ஒரே வருஷத்துல வந்த பிராசஸருக்குள்ள எது பெருசுன்னு சொல்றதுக்குத்தான், வருஷம் தாண்டி ஒப்பிட்டா அந்த பேருக்கு ஒரு மதிப்பும் இல்ல. 2022ல வந்த ஐ3-12100எஃப்லயும் அதே 4 கோர் 8 த்ரெட்தான் (கோர்ங்கறது உள்ள வேலை பாக்குற ஆள் மாதிரி, த்ரெட்ங்கறது ஒரே நேரத்துல எடுத்துக்கற வேலை), ஆனா வேகத்துல இந்த ஐ7 அதுக்கு கிட்டயே வராது. இன்னொன்னு, 3770ல ஏவிஎக்ஸ்2ங்கற வசதி கிடையாது, அது இல்லன்னா சில புது கேம் ஓபனே ஆகாது. விண்டோஸ் 11க்கும் அது லிஸ்ட்லயே இல்ல, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்ட முடிச்சிட்டாங்க, அப்புறம் வாலரன்ட்ட விண்டோஸ் 11ல ஆடணும்னா டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் வேணும், செக்யூர் பூட்ங்கற பாதுகாப்பு வசதி வேணும்னு கேக்கும், அந்த பழைய போர்டுல அதுக்கு வழியே இல்ல.

ஜிடி 730 2014ல வந்தது. 4 ஜிபின்னு கேட்டதும் பெருசா தெரியுது, ஆனா தொட்டி எவ்வளவு பெருசா இருந்து என்ன, கார்டோட வேகங்கற குழாய் சின்னதா இருந்தா தண்ணி சொட்டு சொட்டாத்தானே வரும். 2 ஜிபி இருக்குற நல்ல கார்டு கூட கேம்ல இத விட நல்லா ஓடும். கார்டு வாங்கும்போது ஜிபிய மட்டும் கேக்காதீங்க, மாடல் நம்பர கேளுங்க.

உங்க இடத்துல நான் இருந்தா என்ன எடுப்பேன்னா, ரைசன் 5 5600 பிராசஸர், 6 கோர் 12 த்ரெட், பாக்ஸ்லயே கூலர் வரும், தனியா வாங்க வேணாம். பி550 போர்டு. ராம் 16 ஜிபி, அதுவும் ஒத்த 16 வேணாம், 8 8ஆ ரெண்டு, அப்பதான் டூயல் சேனல்ல, அதாவது ரெண்டும் ஒரே நேரத்துல சேர்ந்து ஓடும், கேம்ல வித்தியாசம் நல்லாவே தெரியும். கார்டு ஆர்எக்ஸ் 6600 இல்லன்னா அந்த ரேஞ்சுல வேற 8 ஜிபி கார்டு, 1080பிக்கு தாராளம். விண்டோஸ், கேம் எல்லாம் வைக்க 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. இப்ப ஏஐ டேட்டா சென்டருக்கெல்லாம் மெமரிய அள்ளிட்டு போறதால ராம், எஸ்எஸ்டி ரெண்டும் விலை ஏறிக் கெடக்கு, அதனால பட்ஜெட் இடிச்சா கார்டுல கை வைக்காதீங்க, போர்ட ஏ520க்கும் பிராசஸர 5500க்கும் எறக்கிக்கோங்க. மொத்த காசுல மூணுல ஒரு பங்குக்கு மேலயே கார்டுக்கு போகும், போகட்டும், கேம ஓட்டப்போறது அதுதான். சேர் அப்புறம் வாங்கிக்கலாம் தம்பி, இப்போதைக்கு வீட்ல இருக்குற சேர்ல ஒரு தலகாணி போட்டுக்கோங்க.

இப்ப எஸ்எம்பிஎஸ், அதாவது பிசிக்குள்ள எல்லா சாமானுக்கும் கரன்ட் குடுக்குற பெட்டி. இத நான் யாரு கேட்டாலும் கையப் புடிச்சு சொல்லுவேன், ஏன்னா பட்டவன். என் முதல் பிசில கேபினட்டோட ஃப்ரீயா வந்த எஸ்எம்பிஎஸ்ஸயே மாட்டினேன், ஒரு வருஷம் கூட ஆகல, ஒரு ராத்திரி கரன்ட் போய் திரும்ப வந்தப்ப டப்புனு ஒரு சத்தம், கருகுன வாடை, போர்டும் போச்சு ஹார்ட் டிஸ்க்கும் போச்சு, அதுல இருந்த எங்க அக்கா கல்யாண போட்டோ அத்தனையும் போச்சு. போர்டு திரும்ப வாங்கிட்டேன், போட்டோவ எங்க போய் வாங்க.

அந்த ஃப்ரீ எஸ்எம்பிஎஸ் மேல 450 வாட்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. ஸ்டிக்கர நம்பாம பக்கவாட்டுல இருக்குற டேபிள பாருங்க, 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கும். 16 ஆம்பியர்னு இருந்தா 12 இன்டு 16, 192 வாட், அவ்ளோதான் கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்தே கிடைக்கும். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட் இழுக்கும், பிராசஸர் ஒரு 75, போர்டு ஃபேன் எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 260 வாட் பக்கத்துல வந்துரும். பேர் தெரிஞ்ச கம்பெனி 500 இல்ல 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) ரேட்டிங், 5 வருஷ வாரன்டி இருந்தா ரொம்ப நல்லது. 80 பிளஸ்ங்கறது கரன்ட்ட எவ்வளவு வீணாக்காம குடுக்குதுன்னு சொல்றதுதான், உள்ள போட்ட சாமான் தரமான்னு அது சொல்லாது, அதனால வாரன்டியையும் சேர்த்து பாக்கணும். கார்டுக்கு 8 பின் ஒயர் எஸ்எம்பிஎஸ்லருந்தே நேரா வரணும். கன்வெர்ட்டர் போட்டு தர்றேன்னு கடையில சொன்னா வேணாம்னுடுங்க, அந்த ஒயர் உருகுனத கண்ணால பாத்திருக்கேன்.

ஒருநாள் ஒதுக்கி சென்னைக்கு வர முடிஞ்சா ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி எறங்குங்க, எந்த கடைன்னாலும் ஜிஎஸ்டி பில்லோட, ஒவ்வொரு சாமானோட சீரியல் நம்பரும் பில்லுல இருக்கான்னு பாத்து வாங்குங்க.

ஒரு தந்தை, ஈரோடு: பையன் கேமிங் கம்ப்யூட்டர் கேக்கறான். கரன்ட் பில் எகிறிடுமா? யுபிஎஸ் கட்டாயம் வேணுமா?

பதில்: சார், கேம் ஓடும்போது மானிட்டரோட சேர்த்து 250லருந்து 300 வாட்னு வச்சுக்கோங்க. நாலு மணி நேரம் ஆடினா ஒரு யூனிட்டுக்கு கொஞ்சம் மேல. ரெண்டு மாச பில்லுக்கு 60, 70 யூனிட் கூடும், ஏசியோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல. ஆனா ஏற்கனவே 500 யூனிட்ட ஒட்டி பில் வர்ற வீடுன்னா அத தாண்டுனதும் ரேட்டு மாறிடும், அத மட்டும் பாத்துக்கோங்க.

யுபிஎஸ் வாங்கிடுங்க. 600 விஏ யுபிஎஸ் தாங்கறது 360 வாட்தான், சமாளிக்கும், ஆனா முழுசா இழுக்கறப்ப அந்த அளவுக்கு பக்கத்துல போயிடும், 1 கேவிஏ (1000 விஏ) எடுத்தா நிம்மதி. கரன்ட் போனதும் பையன் கேம மூடிட்டு ஷட்டவுன் பண்றதுக்குத்தான் அது, தொடர்ந்து ஆடறதுக்கு இல்லன்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. அத விட முக்கியம் எர்த். கேபினட் தகரத்துல கை வச்சா சுருக்குனு அடிச்சா எலக்ட்ரீஷியன கூப்பிட்டு எர்த்த பாக்க சொல்லுங்க, மூணு பின் பிளக்க ரெண்டு பின்னாக்கி சொருகவே கூடாது.

வாசகர், சிவகாசி: கிரிப்டோ காயின் எடுக்கற மைனிங்ல ஓடின கிராபிக்ஸ் கார்டு பாதி விலைக்கு கிடைக்குது. எடுக்கலாமா?

பதில்: கண்ணு முன்னாடி அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டுனா, ஃபேன் சத்தம் இல்லாம சூடு அளவோட இருந்தா, பில்லும் வாரன்டி மிச்சமும் இருந்தா எடுக்கலாம். கொரியர்ல அனுப்பறேன் முதல்ல காசு போடுங்கன்னா விட்டுடுங்க.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: அண்ணா, நானும் தம்பியும் சேர்ந்து வீடியோ பாத்து ரைசன் 5 5600 பிசி மாட்டிட்டோம். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல மட்டும் நோ சிக்னல். அம்மா காச கரியாக்கிட்டீங்கன்னு திட்றாங்க. அழுகையா வருது.

பதில்: அழாதம்மா, முதல்தடவ மாட்டறவங்கள்ல நெறைய பேருக்கு நடக்கறதுதான் இது, ஒண்ணும் எரிஞ்சிருக்காது. முதல்ல எச்டிஎம்ஐ ஒயர எங்க சொருகியிருக்கீங்கன்னு பாருங்க. மேல போர்டுல இருக்குற ஓட்டைல சொருகியிருந்தா படம் வரவே வராது, ஏன்னா 5600ல உள்ளயே கிராபிக்ஸ் கிடையாது, கடைசில ஜின்னு எழுத்து இருக்குற 5600ஜில தான் இருக்கும். கீழ கார்டுல இருக்குற ஓட்டைல சொருகுங்க.

அது சரியா இருந்தா பவர ஆஃப் பண்ணி பிளக்க உருவிட்டு, போர்டோட மேல் மூலைல பிராசஸருக்குன்னு ஒரு 8 பின் இருக்கும் அத மாட்டினீங்களான்னு பாருங்க, கேபினட் ஓரத்துல மறைஞ்சு இருக்கறதால இத மறந்துடுவாங்க. கார்டுக்கும் 8 பின் தனியா போகணும். அப்புறம் ராம், போர்டுல நாலு ஸ்லாட் இருந்தா பிராசஸர்லருந்து எண்ணி ரெண்டாவது நாலாவது ஸ்லாட்டுல போடணும், டக்குனு சத்தம் கேக்கற வரைக்கும் அழுத்தணும், பயந்து பயந்து அழுத்துனா உக்காராது. ஒரே ஒரு ராம் மட்டும் போட்டும் ஆன் பண்ணி பாருங்க. சில போர்டுல சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கார்டு)னு பக்கத்துல குட்டி குட்டி லைட் இருக்கும், எது எரிஞ்சு நிக்குதோ அங்கதான் கோளாறு. போர்டு பி450ஆ இருந்து பழைய ஸ்டாக்கா இருந்தா பயாஸ்ங்கற போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர அப்டேட் பண்ணாம 5600 ஏத்துக்காது, அதுக்கு வாங்குன கடைக்கே எடுத்துட்டு போங்க.

ஒண்ணே ஒண்ணு, கூலர கழட்டி பாக்கணும்னு தோணுச்சுன்னா நேரா மேல இழுத்துடாதீங்க. பேஸ்ட் ஒட்டிக்கிட்டு பிராசஸரும் கூடவே வந்துடும், இந்த மாடல்ல பின்னெல்லாம் பிராசஸர் அடியில இருக்கு, வளைஞ்சா கஷ்டம். ஸ்க்ரூவ எடுத்துட்டு லேசா இப்படியும் அப்படியும் திருகி எடுங்க.

படம் வந்ததும் பயாஸ்ல எக்ஸ்எம்பி இல்ல டிஓசிபின்னு இருக்கறத ஆன் பண்ணுங்க, இல்லன்னா 3200 ராம் அத விட கம்மி வேகத்துலதான் ஓடும். மானிட்டர் 144 ஹெர்ட்ஸா இருந்தா விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ல போய் 60லருந்து 144க்கு மாத்துங்க. முதல் கேம் ஓடினதும் அம்மாவையும் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சு காட்டுங்க.