மகளின் விருப்பமா, மற்றவர்களின் விருப்பமா?

மருத்துவம் படிப்பதுதான் மகளின் விருப்பம் என்றும், ஆனால் சில மாதங்களாகப் புத்தகத்தைத் திறந்தாலே அழுகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் முதலாவதை உடனே ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளிடம் என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், பலர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார்கள். அந்தப் பணியில் ஒரு சாதாரண நாள் எப்படிக் கழியும் என்று அடுத்துக் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

இளையோரின் அடையாள வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா, 1966இல் அதை நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். எதையும் தானாகத் தேடிப் பார்க்காமல், மூத்தவர்கள் வகுத்த பாதையையே தன் முடிவாக ஏற்றுக்கொள்வது அவற்றுள் ஒன்று. இந்த நிலையில் இருக்கும் பிள்ளை தெளிவும் பொறுப்பும் உள்ளவளாகத் தெரிவதால், குழம்பி நிற்கும் பிள்ளைக்காகக் கவலைப்படும் அளவுக்கு இவளுக்காக நாம் கவலைப்படுவதில்லை. ஆனால் ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால், பாடத்தில் பின்தங்கிவிட்டோம் என்று மட்டும் அவள் நினைப்பதில்லை. தன்னை நம்பிய எல்லோரையும் ஏமாற்றிவிட்டதாகவே நினைக்கிறாள்.

இதை அவளுடைய மனபலவீனம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் கல்லூரி மாணவர்களிடம் 1989 முதல் 2016 வரை திரட்டப்பட்ட தரவுகளை ஒப்பிட்ட ஆய்வொன்று, பிறர் தம்மிடம் குறையற்ற வெற்றியை எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வு தலைமுறைக்குத் தலைமுறை கூடிவருவதைக் காட்டியது. எதிர்பார்ப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் கிடைக்கும் அன்பும் மரியாதையும் மதிப்பெண்ணுக்கு ஏற்றபடி ஏறி இறங்கும்போதுதான் அது சுமையாகிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அந்த நாலு பேரில் எவரும் அவளுக்குப் பதிலாக இரவுப் பணி பார்க்கப் போவதில்லை.

என்ன படிக்கிறாய் என்பது யாருக்குமே தெரியாது என்றால் எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று அவளிடம் கேளுங்கள். பதில் எதுவாயினும் அன்றைக்கு மறுத்துப் பேசாதீர்கள். பயிற்சி மருத்துவர் ஒருவரிடமும் செவிலியர் ஒருவரிடமும், நீங்கள் உடனில்லாமல், அவள் மனம்விட்டுப் பேச ஏற்பாடு செய்யுங்கள். அதன் பிறகும் மருத்துவமே வேண்டும் என்றால் படிக்கும் முறையை மாற்றுவது பற்றிப் பேசலாம். இல்லையென்றால் நுண்ணுயிரியல், மருந்தியல், இயன்முறை மருத்துவம் என்று உயிரியல் படித்தவருக்கு வேறு வழிகள் உண்டு.

அழுகையோடு தூக்கமோ உணவோ குறைந்திருந்தாலும், வாழப் பிடிக்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாலும், படிப்புப் பேச்சை ஒதுக்கிவிட்டு உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அவளை என்னிடம் அழைத்து வரலாம். முதல் அரைமணி நேரம் மட்டும் நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும்.