அலை வராத ஊரில் சேர்ஃப் ரொக்

கேள்வி: எங்கள் பக்கம் ஒருகாலத்தில் திருவிழா மேடைகளில் ரொக் வாசித்த பழைய பாண்ட்காரர்கள் நாலு பேர் மறுபடி ஒன்றுசேர்ந்து, பாடகரே இல்லாமல், கடலலையில் பலகைமேல் சறுக்குகிறவர்களின் கிட்டார் இசையான 'சேர்ஃப் ரொக்' என்று ஒரு வாத்தியக் குழு தொடங்கியிருக்கிறார்கள். தைப்பொங்கல் விழாவுக்கு அவர்களைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று எங்கள் சங்கத்தில் ஒரே வாக்குவாதம். அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்பேயின் அலை ஹட்டனுக்கு வருமா? பாட்டில்லாத கச்சேரியை யார் கேட்பது? பேரன் பேத்தி எடுத்த வயதில் இதெல்லாம் தேவைதானா?
– பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், ஹட்டன்

பதில்: அறுகம்பேயை இழுத்ததில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ரொக்கி மலையடிவாரம், உயரம் சுமார் 1,650 மீற்றர். உங்கள் ஹட்டனைவிட உயரம், நுவரெலியாவைவிடக் கொஞ்சம் தாழ்வு. கடல் பல நூறு மைலுக்கு அப்பால். அந்த ஊர்ப் பையன்கள்தான் 1963இல் 'தி அஸ்ட்ரோநோட்ஸ்' என்ற பெயரில் 'பாஹா' என்ற சேர்ஃப் வாத்திய இசைத்தட்டை வெளியிட்டார்கள். பிறகு ஜப்பான்காரர்கள் அவர்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஹட்டன்காரராவது காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் காலிமுகத்திடலில் கால் நனைக்கலாம். பெயரிலேயே கடற்கரையை வைத்துக்கொண்ட 'பீச் போய்ஸ்' குழுவில்கூட அலைப்பலகையில் ஒழுங்காக ஏறி நின்றவர் டென்னிஸ் வில்சன் ஒருவர்தான்.

இந்த இசைக்கு ராஜா என்று பட்டம் வாங்கிய டிக் டேலின் கதையைக் கேளுங்கள். தகப்பன் வழியில் லெபனான்காரர். உறவுக்காரர் ஒருவர் வீட்டில் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் வாசிப்பார். கைமேளம் அடிக்கவும் அவரே கற்றுக்கொடுத்தார். டேல் இடக்கைக்காரர். தந்திகளை மாற்றிக் கட்டாமல் கிட்டாரையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, கைமேளத்தின் வேகத்தைத் தந்தியில் கொண்டுவந்தார். 1962இல் வந்த அவருடைய 'மிஸிர்லூ' கிழக்கு மத்தியதரைக் கடலோர மக்களின் பழைய மெட்டுத்தான். பெரும்பகுதியை ஒற்றைத் தந்தியிலேயே ஓட்டுவார். அந்தச் சத்தத்துக்கு அம்ப்ளிஃபையர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. அவற்றைச் செய்துகொடுத்த லியோ ஃபெண்டர் கடைசியில் 'ஷோமேன்' என்று ஒரு முரட்டு அம்ப்ளிஃபையரையே உருவாக்க வேண்டிவந்தது. கேட்கிறவர்கள் கடலென்று நினைக்கும் அந்த ஈரமான அதிர்வு, பெட்டிக்குள் இருக்கும் சுருள் கம்பியில் பிறப்பது. கிட்டாரின் ஒலி அந்தக் கம்பியில் ஓடி, நடுங்கி, திரும்பி வருகிறது. வாசிக்கும்போது அந்தப் பெட்டியில் யாராவது முழங்காலை இடித்துவிட்டால் மண்டபமே இடி விழுந்த மாதிரி அதிரும். உங்கள் சங்கத்து இளைஞர்களுக்கும் 'மிஸிர்லூ' புதிதல்ல: 2005இல் பிளாக் ஐட் பீஸ் குழு 'பம்ப் இட்' பாட்டுக்கு எடுத்துக்கொண்டது அதைத்தான்.

அடுத்தது, பாட்டில்லை என்ற குறை. மலையகத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? விடியுமுன்னே தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஆளெழுப்பிய தப்பு மேளத்துக்கு எந்தக் கவிஞர் வரி எழுதிக்கொடுத்தார்? சாவு வீட்டு அடி எது, சாமி புறப்பாட்டு அடி எது, காமன் கூத்து அடி எது என்று லயத்து வீட்டுக்குள் போர்த்திப் படுத்திருப்பவருக்கும் தெரியும். தேருக்கு முன்னால் நாதஸ்வரக்காரர் நின்று வாசிக்கும்போது, பாடகர் எங்கே என்று நாம் தேடுவதில்லை. வானொலி நிகழ்ச்சிகளை ஆரம்ப இசையை வைத்தே கண்டுபிடித்துக் குசினியிலிருந்து ஓடிவந்தவர்கள் நாம். கிட்டார் என்று வந்தால் மட்டும் பக்கத்தில் எஸ்.பி.பி. குரலில் ஒருவர் பாடியே தீரவேண்டும்! இந்த நாலு பேரும் எத்தனை வருடம் யாரோ பாடப் பின்னால் நின்றிருப்பார்கள்? பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் கிடைக்கிற சில விநாடிதான் கிட்டார்காரருக்குச் சொந்தம். அதிலும் பாதியைக் கைதட்டு விழுங்கிவிடும். இப்போது ஒரு மணி நேரம் முன்னால் வந்து நிற்கிறோம் என்கிறார்கள். அதற்கு ஏன் இத்தனை கோபம்?

வயதைப் பற்றி நாம் பேசாமலிருப்பது நல்லது. பேரன் எடுத்தவர் திரையில் கதாநாயகியோடு ஆடினால் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற கூட்டம் நாம். டிக் டேல் 2019இல் 81 வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் உடம்பெல்லாம் நோயோடு, மருந்துச் செலவுக்குப் பணம் வேண்டித்தான் மேடையேறுகிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். உங்கள் ஊர்க்காரர்கள் ஆசைக்காக வாசிக்கிறார்கள் என்றால் கொடுத்துவைத்தவர்கள்.

இனி அந்த நால்வருக்கும் ஒரு வார்த்தை. பூப்போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, 'தி வென்ச்சர்ஸ்' குழு 1960இல் வாசித்த 'வோக், டோன்ட் ரன்'னை இம்மி பிசகாமல் திருப்பி வாசிப்பதுதான் திட்டமென்றால், நானும் உங்கள் சங்கத்து எதிர்க்கட்சியில் சேர்ந்துவிடுவேன். டேல் தன் வீட்டு மேளத்தைக் கிட்டாருக்குள் கொண்டுவந்தார். இவர்கள் தப்புச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு தப்புக்காரரை நிறுத்தட்டும். ஓரமாக அல்ல, முன்வரிசையில். சம்பளமும் ஐந்தாகப் பிரியட்டும்.

கூப்பிடுங்கள். பொங்கல் அன்று இருட்டுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குளிரில் விரல் விறைத்த பிறகு மேடையேற்றாதீர்கள். சவுண்ட்காரர் தன் பங்குக்கு எக்கோவைத் திருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் பெட்டியே போதும். அறிவிப்பாளரிடம் மட்டும் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: பாடகர் இல்லைதானே என்று, அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது மைக்கைப் பிடித்து நன்கொடை தந்தவர்களின் பெயர்ப்பட்டியலை வாசிக்கக் கூடாது.