சேறு எந்த ஊர்ச் சேறு? டேங்க் மாடலுக்குப் பெயிண்ட் அடிப்பது பற்றிக் கேள்வி பதில்

போன ஞாயிறு கோவையில் மாடல் கட்டும் நம்ம ஆட்கள் கூடியபோது, மேசையில் இருந்த ஒரு பேட்டன் டேங்க் (1965 போரில் பாகிஸ்தான் ஓட்டிவந்த அமெரிக்க டேங்க்) மாடலைச் சுற்றியே பேச்சுப் போய்விட்டது. சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் பாதிக்கு மேல் நின்றுவிட்டன. அவற்றுக்கு இங்கே பதில். பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். எல்லாமே 1/35 அளவு (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு) மாடலை மனதில் வைத்துச் சொல்வது.

கரூர்: ஏனுங்கண்ணா, அக்ரிலிக் பெயிண்ட் ஏர்பிரஷ் நுனியிலயே காஞ்சு அடைச்சுக்குதுங்க. கம்ப்ரசர் கோளாறுங்களா?

கம்ப்ரசர் மேல் தப்பில்லை தம்பி, உங்க ஊர் வெயில்தான் காரணம். நுனியை விட்டு வெளியே வருமுன்பே பெயிண்ட் காய்கிறது. பால் பதத்துக்குக் கரைத்து, காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டு விடுங்கள். அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ போதும். கையோடு ஈர இயர்பட்ஸ் வைத்துக்கொண்டு அடிக்கடி ஊசி நுனியைத் துடையுங்கள். சித்திரை, வைகாசியில் நான் விடியற்காலையில் மட்டும்தான் அடிப்பேன்.

திருப்பூர்: பெயிண்ட் காஞ்சதும் மேல முடி முடியாத் தெரியுதுங்க.

பனியன் வேஸ்ட்டில் துடைத்திருப்பீர்கள். அந்தப் பஞ்சுதான். மாடல் பக்கம் அதைக் கொண்டு வராதீர்கள்.

ஈரோடு: தின்னருக்குப் பதிலா பைக் பெட்ரோல் ஊத்தலாமுங்களா?

கூடாது. மாடல் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். பெட்ரோல் பட்டால் இளகும், விரிசல் விடும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. எனாமலுக்கு டர்பன்டைன் இருக்கிறது. அதையும் பெயிண்ட் ஏறாத வெறும் பிளாஸ்டிக்கில் தேங்க விட்டால், சக்கர அச்சு மாதிரி இறுக்கமாகப் பொருத்திய இடங்கள் பட்டென்று விட்டுப்போகும்.

கோபி: வாஷ் (பள்ளங்களில் தங்க விடும் நீர்த்த கருநிறப் பெயிண்ட்) பூசினேன், டேங்க் பூராவும் அழுக்குக் கறையாப் போச்சுங்க.

மேட் (பளபளப்பில்லாத) பரப்பின் மேல் நேராகப் பூசிவிட்டீர்கள். அது சொரசொரப்பானது, மை ஒற்றும் தாள் மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். முதலில் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் அடித்து 24 மணி நேரம் விட வேண்டும். இந்த 24 மணி நேரத்தை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. டிகாலும் (எண், சின்னம் அச்சிட்ட ஒட்டுப்படம்) இந்தக் கிளாஸ் மேல்தான். அதன்பின் எனாமல் வாஷை மெல்லிய தூரிகையால் ஆணித்தலை, மூடி ஓரம், இணைப்புக் கோடு என்று தொட்டுத் தொட்டு வையுங்கள். சற்றுக் காய்ந்ததும் தின்னரில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் மிச்சத்தை இழுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபிறகு மேட் வார்னிஷ்.

பல்லடம்: தோட்டத்துச் செம்மண்ண அம்மாவோட மாவுச் சல்லடைல சலிச்சு, அசல் உத்தர் பேட்டன் சக்கரத்துல ஃபெவிகால் வெச்சு ஒட்டினேனுங்க. நெசமான மண்ணுதானுங்களே, அப்பறம் ஏன் பொம்மையாட்டத் தெரியுது?

மேசையில் இருந்த டேங்க் இதுதான். இந்தக் கேள்விக்காகவே நான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கணக்குப் பாருங்கள். சல்லடையில் இறங்கிய மணல் ஒன்று அரை மில்லிமீட்டர் என்றால், 35 மடங்கில் அது 17.5 மில்லிமீட்டர். அதாவது ஜல்லி. உங்கள் பேட்டன் மேல் ஒட்டியிருப்பது சேறு இல்லை, ஜல்லிக்கல். மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஒரு நிமிடம் விடுங்கள். மணல் அடியில் தங்கும். மேலே உள்ள கலங்கலை மட்டும் வேறு கிண்ணத்தில் வடித்து, அதில் படியும் வண்டலைக் காயவையுங்கள். பிறகு வாணலியில் வறுத்தால் பூஞ்சை பிடிக்காது.

இரண்டாவது, ஊர். அசல் உத்தர் சண்டை 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை, பஞ்சாபில் கேம்கரண் பக்கம் நடந்தது. நம் படையினர் வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கரும்புக்காட்டுக்குள் வந்த பேட்டன்கள் சேற்றில் மாட்டின. கீழ்பவானிப் பாசனத்தில் கரும்பு வெட்டியவர்களுக்கு அந்தச் சேறு காலை எப்படி இழுக்கும் என்று தெரியும். ஆனால் அது ஆற்று வண்டல், காய்ந்தால் வெளிறிய பழுப்பு. பல்லடத்துச் செம்மண்ணை அங்கே போட்டால் டேங்க் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குக் குழப்பம் வருகிறது. லோங்கேவாலா சண்டை என்றால் இன்னும் வேறு. அது 1971 டிசம்பர், தார் பாலைவனம், சேறே கிடையாது. வெளிறிய மணல் தூசி மட்டும்தான்.

ஒட்டும் விதத்தை டிராக்டரில் பாருங்கள். நடவுக்கு உழுதுவிட்டுத் தார்ரோட்டில் ஏறும்போது நின்று கவனியுங்கள். டயர் விளிம்பில் மெல்லியதாக ஒட்டியது அதற்குள் காய்ந்து வெளுத்திருக்கும். உள்பக்கம் அச்சருகே அப்பியது இன்னும் கறுப்பாக, ஈரமாக மின்னும். மட்கார்டுக்கு அடியில் தடிமனாக இருக்கும், பானெட் மேல் சில சொட்டுத்தான். ஒரே நிறத்தில் ஒரே தடிமனில் சேறு எந்த வண்டியிலும் ஒட்டுவதில்லை. வெளிறியது, நடுத்தரம், ஈரம் என்று மூன்று கலவை வைத்து, கீழிருந்து மேலே குறைத்துக்கொண்டே போங்கள்.

திருச்செங்கோடு: அண்ணா, நான் ரிக் வண்டில வேலை செய்யறனுங்க. எங்க வண்டி வருசக்கணக்கா வெயிலு மழைல நிக்குது, இவுங்க டேங்க்ல போடற அளவுக்குத் துரு இல்லீங்க. ஏனுங்க இத்தனை துரு?

அப்படிக் கேளுங்கள்! போர்வெல் ரிக்கைவிட நல்ல பாடப்புத்தகம் நம் பக்கம் கிடையாது. கல்மாவு சாம்பல் நிறத்தில் எல்லா மடிப்பிலும் படிந்திருக்கும். ஹைட்ராலிக் ஆயில் கசிந்த இடத்தில் மட்டும் அந்த மாவு கறுத்து ஊறியிருக்கும். ஆள் மிதித்து ஏறும் படியில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரியும். துரு எங்கே? சைலன்சரில்.

சேலம்: ஒத்துக்க முடியாதுங்க. நினைவுச்சின்னமா வெச்சிருக்கற டேங்கெல்லாம் போட்டோவுல துருப்பிடிச்சுத்தான் நிக்குது.

நினைவுச்சின்னம் பல வருடம் அசையாமல் மழையில் நிற்பது. சண்டையில் இருப்பதோ தினமும் ஆள் ஏறி இறங்கும் வண்டி.

சேலம், மறுபடியும்: அப்ப ட்ராக், அந்தச் சங்கிலிப் பட்டை? அது வெறும் இரும்புதானுங்களே?

இதில் பாதி நியாயம் உங்கள் பக்கம். மழையில் இரண்டு நாள் நின்றால் ரப்பர் பதிக்காத இரும்பு ட்ராக் செம்பழுப்பாகும். ஆனால் வண்டி கொஞ்ச தூரம் ஓடினாலே தரையில் உரசும் மேடுகள் தேய்ந்து பளபளக்கும், பள்ளத்தில் மண் அடைந்துவிடும். அதனால் அடிப்படை கரும்பழுப்பு, மேட்டில் பென்சில் கிராஃபைட் தேய்ப்பு, பள்ளத்தில் அந்த ஊர் மண். திருச்செங்கோட்டுத் தம்பி சீட்டின் பின்பக்கம் எழுதியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "ரப்பர்ல துரு வராதுங்க." டேங்க் சக்கரத்தின் ரப்பர் விளிம்பில் துரு பூசிய மூன்று மாடல்களைப் போன ஞாயிறு பார்த்தேன். பெயிண்ட் உதிர்ந்த புள்ளிகளும் அப்படித்தான், அளவு மீறக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் புள்ளி நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர். ஸ்பாஞ்சில் கரும்பழுப்பைத் தொட்டு, முக்கால்வாசியைத் தாளில் ஒற்றிவிட்டு, மூடி ஓரத்திலும் ஏறும் இடத்திலும் மட்டும் வையுங்கள்.

உடுமலை: தூசி, மண்ணு காட்டற பிக்மெண்ட் பொடி வாங்கக் காசு பத்தலீங்கண்ணா. காலேஜ்ல படிக்கறேன்.

வாங்க வேண்டாம் அம்மிணி. ஸ்டேஷனரிக் கடையில் சாஃப்ட் பேஸ்டல் வாங்கி உப்புத்தாளில் தேய்த்தால் பொடி. ஆயில் பேஸ்டல் ஆகாது. செம்மைக்குக் கோலத்துக் காவிப்பொடி ஒரு சிட்டிகை. பொடி ஒட்டுவதற்காக டர்பன்டைன் தொட்டதும் கறுத்து மறைந்த மாதிரி இருக்கும், பயந்து மேலும் போடாதீர்கள். காய்ந்ததும் திரும்பத் தெரியும். அதன்மேல் வார்னிஷ் அடித்தால் பாதி காணாமல் போகும்.

பொள்ளாச்சி, நாமக்கல், தாராபுரம், மறுபடி ஈரோடு: எந்தக் கம்பெனி பெயிண்ட் நல்லதுங்க?

நாலு சீட்டுக்கும் ஒரே பதில்: உங்கள் கடையில் தொடர்ந்து கிடைப்பது. ஈரோட்டுக்கு இன்னொன்று: பெட்ரோல் வேண்டாம்.

மேட்டுப்பாளையம்: மிக் விமானத்துக்கு வெதரிங் (வெயில், மழை, தூசி பட்ட மாதிரிப் பூச்சு)?

என் துறை இல்லை. விமானம் கட்டுகிறவர்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

பல்லடம், மறுபடியும்: ஒட்டின மண்ண எடுக்க முடியுமுங்களா?

முடியும். ஃபெவிகால்தானே. வெதுவெதுப்பான தண்ணீரைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு ஊற விடுங்கள், அரை மணி நேரத்தில் இளகும். பல்குச்சியால் தள்ளுங்கள், கத்தி வேண்டாம். வடித்த வண்டலோடு அடுத்த மாதம் டேங்கைக் கொண்டு வாருங்கள். உங்கள் செம்மண் வண்டலை வேறு மாடலுக்கு வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சாம்பல் பழுப்பு நான் கலந்து வருகிறேன். முதலில் ஒரே ஒரு சக்கரத்துக்குப் போட்டுப் பார்ப்போம்.