பாத்தாமில் கோல்ஃப்: விளம்பரத்தாளில் இல்லாத செலவுகள்

கேள்வி: நாங்கள் நான்கு பேர், ஒரே அலுவலகம். சிங்கப்பூர் மரினா பே கோல்ஃப் திடலில் மாதம் ஒருமுறை ஆடிக்கொண்டிருந்தோம். 2024 ஜூன் கடைசியில் அதை மூடியபின் பயிற்சித் தளத்தில் பந்தடிப்பதோடு சரி. நவம்பரில் ஒரு சனி, ஞாயிறு வெளியே போய் ஆடலாம் என்று திட்டம். இந்தோனீசியத் தீவான பாத்தாமுக்கு ஒரு பயண நிறுவனம் ‘ஒருவருக்கு 298 வெள்ளி முதல்’ என்கிறது. படகு, ஓர் இரவு ஹோட்டல், இரண்டு ஆட்டம். மலேசியாவின் தேசாரு போனால் இன்னும் நூறு வெள்ளிக்கு மேல் ஆகிறது. எங்களில் இருவர் புதிதாகக் கற்றவர்கள். எது லாபம்?
ஈசூன் வாசகர்

பதில்: விலையைப் பிறகு பார்ப்போம். நீங்கள் அனுப்பிய விளம்பரத்தாளில் முதல் நாள் ஆட்டம் பிற்பகல் 1.30க்கு என்று போட்டிருக்கிறதே, கவனித்தீர்களா? பாத்தாம் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. சூரியன் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். இங்கே ஏழு மணி வாக்கில் மறைகிறதென்றால் அங்கே கடிகாரம் ஆறு காட்டும்போதே மறைந்துவிடும். நன்றாக ஆடும் நால்வர் 18 குழி முடிக்க நாலரை மணி நேரம் ஆகும். புதியவர் இருவர், சனிக்கிழமைக் கூட்டம் வேறு என்றால் ஐந்தரை வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்தாவது குழியில் கைப்பேசி விளக்கை அடித்துப் பந்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆடாத குழிகளுக்கு யாரும் பணம் திருப்பித் தருவதில்லை. மலிவுத் திட்டங்களில் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இதுதான், காலை நேரம் கேட்டால் விலை ஏறும்.

நவம்பர் என்பதால் இன்னொன்று. அந்த மாதத்தில் இடிமழை பிற்பகலில்தான் அதிகம் வரும். மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதினால் எல்லாரும் கொட்டகைக்கு ஓட வேண்டியதுதான். ஆட்டம் பாதியில் நின்றால் பல திடல்கள் ‘மழைச் சீட்டு’ ஒன்றைக் கொடுக்கும், அடுத்த முறை வந்து ஆடிக்கொள்ளலாம் என்று. பக்கத்து ஊர்க்காரருக்கு அது சரி. கடல் கடந்து வந்தவர் அதை வைத்து என்ன செய்வது? எத்தனை குழிக்குள் நின்றால் தருகிறார்கள், எத்தனை மாதம் செல்லும், நிறுவனம் வழியாக வந்தவருக்கும் உண்டா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

சரி, இப்போது விலை. தாளின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ‘கேடி, காப்புறுதி, வார இறுதிக் கூடுதல் கட்டணம், படகு முனைய வரி, எரிபொருள் கட்டணம் சேராது’ என்று இருக்கிறது. (கேடி என்றால் மட்டைப் பையைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர்.) நீங்கள் போவதே வார இறுதியில். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான் பொருந்தும். அப்புறம் கேடிக்கு அன்பளிப்பு. அந்தப் பக்கத்துத் திடல்களில் கேடி வைத்துக்கொள்வது பெரும்பாலும் கட்டாயம், அன்பளிப்பை ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். எதிர்பார்க்கும் தொகையைத் திடலுக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இதையெல்லாம் கூட்டி, இரண்டு ஊருக்கும் ‘ஒரு தலைக்கு, வீட்டுக்கு வந்து சேரும் வரை’ எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். அந்த நூறு வெள்ளி வித்தியாசம் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

திடலைத் தேர்ந்தெடுக்கும்போது வடிவமைத்தவர் பெயரில் மயங்க வேண்டாம். பக்கத்துத் தீவான பிந்தானில் ரியா பிந்தான் திடல் கேரி பிளேயர் வடிவமைத்தது, தேசாருவில் ஓஷன் திடல் எர்னி எல்ஸ் வடிவமைத்தது. இரண்டும் அழகு, மறுக்கவில்லை. ஆனால் டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து, தண்ணீரைத் தாண்டி அடித்தே ஆகவேண்டிய குழிகள் எத்தனை என்பதுதான் உங்களில் அந்த இருவருக்கு முக்கியம். ஸ்கோர் அட்டையின் படம் இணையத்தில் கிடைக்கும். அதில் முன் டீயின் தூரத்தையும் குளங்களையும் பாருங்கள். ஒரு டஜன் பந்து தண்ணீரில் போனால் அதுவும் செலவுதான், முகம் தொங்கிப்போவது தனி. முதல் நாள் சுலபமான திடல், இரண்டாம் நாள் காலையில் பெயர்பெற்ற திடல் என்று வைத்துக்கொண்டால் நால்வருக்கும் நிம்மதி.

மறக்காமல் இன்னொன்றையும் கேளுங்கள்: உங்கள் தேதிக்கு முன் இரண்டு வாரத்தில் கிரீன்களை, அதாவது குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரையை, துளையிட்டு மணல் போடும் வேலை இருக்கிறதா? புல்லின் வேருக்குக் காற்றும் நீரும் இறங்க எல்லாத் திடலும் இதைச் செய்தாக வேண்டும். செய்த புதிதில் பந்து தவளை மாதிரித் துள்ளும். விளம்பரத்தில் இதை யாரும் போடுவதில்லை.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயண நிறுவனம் கொடுத்த தாளில் திரும்பும் படகு 6.30 என்று இருந்தது. பாத்தாம் நேரம் என்று நினைத்து நிதானமாகக் குளித்து, மீ கோரெங் சாப்பிட்டு ஆறு மணிக்கு முனையம் போனேன். எழுதியவர் சிங்கப்பூர் நேரத்தில் எழுதியிருக்கிறார்! படகு போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த சீட்டு என் காசு. ‘எந்த ஊர் நேரம்’ என்று ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் எழுதி வாங்குங்கள்.

தேசாருவில் இந்தக் குழப்பம் இல்லை, நம் நேரம்தான். காரில் போவதென்றால் மலேசியாவின் விஇபி எனும் வாகன நுழைவு அனுமதி வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். கிளம்பும்போது பெட்ரோல் முக்கால் தொட்டி இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

என் யோசனை: பாத்தாம் நிறுவனத்திடம் இரண்டு நாளும் காலை ஆட்டம், கேடி உட்பட மொத்த விலை கேளுங்கள். முதல் நாள் காலைக்குப் படகு ஒத்துவராவிட்டால் ஒரே ஆட்டமாகக் குறைத்து வாங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் தேசாரு.

கேள்வி: முன்பணம் கட்டியபின் நிறுவனம் திடலையே மாற்றிவிட்டது. ‘சமமான திடல்’ என்கிறார்கள். பணத்தைக் கேட்கலாமா?
பொங்கோல் வாசகர்

பதில்: கேட்கலாம். முதலில் ஒப்பந்தத்தில் ‘மாற்றும் உரிமை உண்டு’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். திடலின் பெயரைச் சொல்லி விற்ற விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் படமெடுத்து வையுங்கள். எழுத்தில் கேட்டும் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வேண்டாம். இது இங்கே உள்ள நிறுவனத்திடம் வாங்கினால்தான் எளிது. நிறுவனத்துக்குப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜோகூர் திடல் கடையில் 600 வெள்ளி மதிப்புள்ள டிரைவர் மட்டை ஒன்று பார்த்தேன். காலையில் போய் மாலையில் திரும்பினால் வரி உண்டா? நான் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறேன்.
ஜூரோங் வாசகர்

பதில்: உண்டு. 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்கு 100 வெள்ளி வரைதான் வரிச் சலுகை, அதற்கு மேல் இருந்தால் 500. ஆனால் வேலை அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. ஆகவே முழு 600க்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, 54 வெள்ளி கட்ட வேண்டும். குடிமகனான உங்கள் நண்பர் அதே நாளில் வாங்கி வந்தால் அவருக்கு 45. ரசீதைப் பையின் அடியில் போடாமல் சட்டைப்பையில் வையுங்கள்.